பன்னிரண்டாவது மயில்

பென் டிரைவைச் செருகியதும் திரையில் ஒரே ஒரு கோப்பின் பெயர்தான் வந்தது. ‘மயில் பார்டர் 7-1’. ஸ்ரீதேவி அதை மூன்று முறை படித்தாள். ‘மயில் பார்டர் 7’ என்றல்லவா இருக்க வேண்டும்.

அதைக் கொண்டுவந்து கொடுத்த சண்முகவேல் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். மகள் ரஞ்சனியின் முகூர்த்தச் சேலையைத் தன் தறியிலேயே நெய்தவர். சேலை தறியிலிருந்து இறங்கி ஒன்பது நாளாகிவிட்டது, பென் டிரைவைத் திருப்பித் தர மறந்தே போனேன் என்று சொல்லி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கெழம காலைல முகூர்த்தம். டிசைன் போட்டவ நீயி, முன்வரிசைல வந்து உக்காரோணும் அம்மிணி” என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை.

இளம்பிள்ளையில் குமாரசாமியின் டிசைன் கடையில் பதினாறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. தறிக்காரர்கள் வந்து இன்ன பார்டர், இன்ன முந்தி என்று சொல்வார்கள். அவள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அதை வரைந்து பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பாள். தறிக்கு மேலே இருக்கும் பெட்டியில் அதைச் செருகினால், எந்தக் கட்டத்துக்கு எந்த இழையைத் தூக்க வேண்டுமோ அதைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். மயிலா பிசாசா என்றெல்லாம் அது கேட்காது. கட்டத்தில் உள்ளதை நெய்துவிட்டுப் போகும்.

அந்த ‘7-1’இல் இருந்தது பிசாசுதான்.

பிசாசு என்றால் பெரிய பிசாசு இல்லை. கட்டைவிரல் உயரம். கழிவு நூலை உருட்டிச் செய்த உடம்பு, ஒரே ஒரு பல், எப்போதும் வெளியே தொங்கும் நாக்கு. பெயர் சிக்கு. கொரோனாவில் தறிகள் நின்றுகிடந்த மாதங்களில் சும்மா உட்கார முடியாமல் ஸ்ரீதேவி வரைய ஆரம்பித்த படக்கதையில் வருகிறவன் அவன். கதாநாயகன் தறிவீரன் தங்கமுத்து. விற்காமல் போன செகண்ட்ஸ் சேலையை முதுகில் கட்டிக்கொண்டு பறப்பார். சரக்கு லாரியை ஒரு கையால் தூக்குவார். ஆனால் கரண்ட் இருக்கும்வரைதான் பலம். சங்ககிரிக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நேராக யாராவது ஒருவரின் சாணிக்குழியில் வந்து விழுவார். அவருக்கு உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு கூடவே திரிகிற மாயக்குட்டிதான் சிக்கு. தொட்டதெல்லாம் சிக்கலாகும், அதுதான் அவன் மந்திரம். திருடனைக் கட்டச் சொன்னால் தங்கமுத்துவின் வேட்டியையும் திருடனின் மீசையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பான்.

இதை அவள் மதியச் சோற்று நேரத்தில், டிசைன் போடுகிற அதே கம்ப்யூட்டரில், அதே கட்டங்களில் வரைவாள். வேறு விதமாக வரைய அவளுக்குத் தெரியாது. வாரம் ஒரு பக்கம், தறிக்காரக் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் போடுவாள். நானூறு பேர் படித்தார்கள். இழை சிக்கினால் “சிக்கு வந்துட்டானாட்டம் இருக்குது” என்று சொல்வது தறிக்கூடங்களில் சகஜமாகிவிட்டது. வரைவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்காகவே தனி சிம் வாங்கியிருந்தாள். கடை நேரத்தில் போனில் வீடியோ பார்த்த ஒரு பையனைக் குமாரசாமி அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பியதை அவள் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் படக்கதைக் கோப்புகளுக்கும் டிசைன் பெயரையே வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன எண் சேர்த்துவிடுவாள்.

பயம் அவளோடு பிறந்தது. முப்பத்தொன்பது வயதிலும் பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போய் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஓட்டுநர் கண் சிவந்திருந்தால் அந்தப் பஸ்ஸை விட்டுவிடுவாள். சிக்குவுக்கு மட்டும் எதைக் கண்டும் பயமில்லை. அவனை வரைகிற அரைமணி நேரம் அவளுக்கும் இருக்காது.

போன மாதம் ஒரு பக்கத்தில் சிக்குவை வில்லன் துரத்தினான். சிக்கு ஓடி ஒரு பட்டுச்சேலையின் பார்டருக்குள் புகுந்து, முதுகில் நாலு தோகையைச் செருகிக்கொண்டு, ஒற்றைக் காலில் மயில்களோடு மயிலாக நின்றுவிட்டான். ‘சிக்கு எங்கே, கண்டுபிடியுங்கள்’ என்று கீழே எழுதினாள். மயில் வரிசையைப் புதிதாக வரைய நேரமில்லை. சண்முகவேலுக்காகப் போட்டு வைத்திருந்த ஏழாம் நம்பர் பார்டரையே எடுத்து, பன்னிரண்டாவது மயிலை அழித்துவிட்டு அங்கே அவனை நிறுத்தினாள். குழுவில் நானூறு பேரில் பதினொரு பேர்தான் கண்டுபிடித்தார்கள். அன்று சாயங்காலமே சண்முகவேல் அவசரப்படுத்த, அவள் எடுத்துக் கொடுத்த கோப்பு இது.

சேலைக்கு ஒருபக்கம் மட்டும் பார்டர், அதில் அங்குலத்துக்கு ஒரு மயில். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சிக்கு. ஐந்தரை மீட்டர் சேலையில் பதினெட்டு சிக்கு. மணமேடையில் ஒரு பெண்ணின் உடம்பைச் சுற்றிப் பதினெட்டு இடத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கப்போகிறான்.

நெய்யும்போது சண்முகவேல் பார்த்திருக்க முடியாது. சேலையின் நல்ல பக்கம் தறியில் கீழே பார்த்துத்தான் வரும். நெய்கிறவருக்குத் தெரிவது பின்பக்கத்து ஜரிகைக் குழப்பம் மட்டுமே. இறக்கிய பிறகு பார்த்தாலும் வரிசைதான் கண்ணில் படும். நானூறில் முன்னூற்று எண்பத்தொன்பது பேருக்கு அப்படித்தான் பட்டது. ஆனால் கல்யாணத்துக்கு அறுநூறு பேர் வருவார்கள். எத்தனை பேருக்குக் கண் கூர்மையோ.

வேலை போய்விடும் என்பது கூட இரண்டாவது பயம்தான். முதல் பயம் வேறு. இருபத்து நான்கு வயதில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. கோயிலில் பூக் கேட்டார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் வைத்து ஒரு சிறுமியை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அரைமணியில் கிளம்பிவிட்டார்கள். இலை போட்டிருந்தது, யாரும் உட்காரவில்லை. ஒரு பூவுக்கே எழுந்து போகிறவர்கள் இருக்கிற ஊரில், முகூர்த்தச் சேலையில் பிசாசு என்றால் என்ன செய்வார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தலைவலி என்று குமாரசாமியிடம் சொல்லிவிட்டு நேராகச் சண்முகவேல் வீட்டுக்கு நடந்தாள். தறிச்சத்தம் தெருவரை கேட்டது. ஒரு இழை தூக்கல் சரியில்லையோ என்று சந்தேகம், சேலையை ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்டாள். சண்முகவேலின் முகம் மாறியது. சேலை போன வெள்ளிக்கிழமையே மல்லசமுத்திரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது, அங்கே சாமி படத்துக்கு முன்னால் தட்டத்தில் இருக்கிறது என்றார். என்ன கோளாறு, பெரிதா என்று இரண்டு முறை கேட்டார். ஒன்றுமில்லைங்க, சும்மா ஒரு சந்தேகம் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

தெருமுனையில் யாரோ பின்னால் ஓடிவருகிற சத்தம். ரஞ்சனி. கல்யாணக்களை என்று சொல்வார்களே, அது அந்த முகத்தில் துளியும் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

“அக்கா, நீங்களும் பாத்துட்டீங்களா?”

ரஞ்சனி இன்னும் கிட்டே வந்தாள்.

“சேலைல சிக்கு இருக்கான்க்கா. மடிக்கறப்ப பாத்தேன். அப்பாகிட்டச் சொல்லல. தறில ஒக்காந்து நெஞ்சவரு அவரு, தாங்கமாட்டாரு. கதைல பார்டருக்குள்ள ஓடி ஒளிஞ்சான் பாருங்க, அந்த வாரம்தான் எங்க தறில இது ஓடுச்சு. எத்தனையோ பேரு தறி இருக்குது. என் சேலைய எதுக்குக்கா புடிச்சான்?”

சிரித்திருக்க வேண்டிய பேச்சு. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பி.காம். படித்த பெண், ஒன்பது நாளாக இதை ஒருவரிடமும் சொல்லாமல், தனக்கு ஏதோ கேடு வரப்போகிறது என்று தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

ஸ்ரீதேவி அக்கம்பக்கம் பார்த்தாள். ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“அவனா வரல கண்ணு. அவன வரையறது நாந்தான். கோப்பு மாத்திக் குடுத்துப்போட்டேன்.”

ரஞ்சனிக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். அடுத்த நிமிடமே கோபம் வந்தது. ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை என்றாள். வேலைக்கு ஒரு நேரம், விளையாட்டுக்கு ஒரு நேரம் என்று இல்லையா என்றாள். ஸ்ரீதேவி எல்லாவற்றுக்கும் தலைகுனிந்து நின்றாள். கடைசியில் ரஞ்சனியே கேட்டாள், இதை எடுக்க வழி உண்டா என்று.

வழி இருந்தது. பின்பக்கமிருந்து ஊசியால் அந்த ஒரு அங்குல ஜரிகையை மட்டும் நெம்பி உருவலாம். உருவிய இடத்தில் ஆரி ஊசியால் மயிலைத் தைக்கலாம். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் சேலை கைக்கு வர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ரஞ்சனி அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. சேலைக்கு ஃபால்ஸ் தைக்க வேண்டும் என்று சொல்லி ஸ்ரீதேவிதான் போய் வாங்கிவர வேண்டும்.

மறுநாள் காலை பஸ் ஏறினாள். ஆட்டையாம்பட்டியில் மாறும்போது வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு பாக்கெட் கைமுறுக்கு வாங்கினாள். வழியெல்லாம் மனதுக்குள் அந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்: ஃபால்ஸ் தைக்கணுங்க, ரெண்டு நாள்ல கொண்டாந்துடறனுங்க.

மாப்பிள்ளை பிரபாகர் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஒன்றில் ஆபரேட்டர், வெளியூரில் இருந்தார். வீட்டில் அவர் அம்மா மஞ்சுளா மட்டும். ஐம்பது வயதிருக்கும். வெறும் நெற்றி. உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு, ஸ்ரீதேவி அந்த வரியைச் சொல்லி முடித்ததும், அதற்கெல்லாம் எதற்கு நீங்கள் அலைகிறீர்கள், பக்கத்துத் தெரு டெய்லர் நாளைக்கு வீட்டுக்கே வந்து தைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள் என்றார்.

நாளைக்கு ஒரு டெய்லர், பார்டரை அங்குலம் அங்குலமாகப் பிடித்துத் தைக்கப்போகிறாள். அவள் கண்ணுக்குத் தப்புமா? கையிலிருந்த டம்ளர் சாய்ந்து மோர் அவள் மடியில் சிந்தியது.

“ஏனுங்க, உடம்புக்கு ஆகலீங்களா?” என்றார் மஞ்சுளா.

அவள் சொல்லிவிட்டாள். படக்கதை, கோப்பு, பன்னிரண்டாவது மயில், பதினெட்டு, எல்லாமே. சொல்லும்போது மஞ்சுளாவின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த முறுக்குப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுக் காத்திருந்தாள். திட்டு வரும், இல்லையென்றால் போனை எடுத்துச் சண்முகவேலைக் கூப்பிடுவார்.

இரண்டும் நடக்கவில்லை. மஞ்சுளா எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இந்தச் சேலைய நான் இன்னும் கையால தொடலைங்க. கொழுந்தனார் சம்சாரம்தான் வாங்கி வெச்சுது. தொடாதன்னு ஆரும் சொல்லல. சொல்றதுக்கு முந்தியே நானாத் தள்ளி நின்னுக்கிட்டேன். இப்ப இதுல பிசாசு இருக்குதுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும், உங்களயும் கேக்கமாட்டாங்க, நெஞ்சவரயும் கேக்கமாட்டாங்க. தாலியறுத்தவ ஊட்டுல இருந்துச்சு, அதான் ஏறிக்கிச்சும்பாங்க. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் எம் பேருதானுங்க.”

குரலைத் தாழ்த்தியேதான் பேசினார். ஆனால் தன் முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. தன்னைவிடப் பயந்துபோன ஒருவரை ஸ்ரீதேவி அன்றுதான் எதிரில் பார்த்தாள்.

“நீங்களே எடுத்துக்குங்க” என்றார் மஞ்சுளா, தட்டத்தைக் காட்டி. “டெய்லருகிட்ட நான் ஏதாச்சும் சொல்லிக்கறேன். ஆருக்கும் தெரியக்கூடாது.”

வியாழன், வெள்ளி இரண்டு பகலும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஸ்ரீதேவியின் வாடகை வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவளும் ரஞ்சனியும் உட்கார்ந்தார்கள். அக்கா வீட்டில் மெகந்தி டிசைன் பார்க்கிறேன் என்று ரஞ்சனி சொல்லியிருந்தாள். ஸ்ரீதேவி பின்பக்கமிருந்து ஜரிகையை உருவ, ரஞ்சனி தைத்தாள். ஒரு இழை தப்பி அறுந்தால் பட்டில் ஓட்டை விழும். ஏழாவது சிக்குவின் நாக்கை உருவும்போது ரஞ்சனி, “நாக்க நீட்டுனதுக்கு இதுதான்டா” என்று அவனிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஸ்ரீதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டும் முடிந்த பிறகு விளக்கைப் பிடித்து இரண்டு முறை முழுச்சேலையையும் பார்த்தார்கள். மயில், மயில், மயில். சனிக்கிழமை காலை சேலை திரும்பவும் மல்லசமுத்திரத்துத் தட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. இளம்பிள்ளைத் தறிக்காரக் குடும்பங்கள் பாதி, மாப்பிள்ளை பக்கத்து உறவு பாதி. சண்முகவேல் சொன்னபடியே ஸ்ரீதேவியை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். மேடையில் பெற்றோர் இடத்தில் பிரபாகரின் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சுளா பந்திக்கூடத்துக்குப் போகிற கதவோரம், தூணுக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார்.

ரஞ்சனி வந்து உட்கார்ந்தாள். ஸ்ரீதேவி மடிப்பு மடிப்பாகப் பார்டரைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஐந்து நாளில் முதன்முறையாக நாற்காலியில் முதுகு சாய்த்தாள்.

அப்போது ஐயர் எதையோ சொல்ல, ரஞ்சனி இரண்டு கையையும் உயர்த்திக் கும்பிட்டாள். வீடியோ விளக்கு இடது கைமேல் விழுந்தது. ரவிக்கையின் கைவிளிம்பில் மயில் வரிசை பளபளத்தது. வரிசையின் நடுவில், முதுகில் தோகையைச் செருகிக்கொண்டு, ஒற்றைக் காலில், நாக்கை நீட்டியபடி அவன் நின்றான்.

ரவிக்கைத் துணி. சேலையோடு சேர்ந்து அதே தறியில், அதே பார்டரோடு வந்த துணி. சேலை இறங்கிய அன்றைக்கே, ரஞ்சனி மடித்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே, அதை வெட்டிச் சேலத்துக்கு டெய்லரிடம் அனுப்பிவிட்டிருந்தார்கள். பதினெட்டை எண்ணிய இரண்டு பேருக்கும் அது நினைவுக்கே வரவில்லை. போட்டிருப்பவளின் கண்ணுக்கும் தோளுக்குக் கீழே அந்த இடம் தெரியாது.

விளக்கு நகரவில்லை. இன்னும் தாலி கட்டவில்லை. ஸ்ரீதேவிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் மெல்ல, “கையில பாரு, அது என்ன” என்று ஆரம்பித்தாள். ஸ்ரீதேவி எழ நினைத்தாள். எழுந்து என்ன செய்வது? மேடையேற அவள் யார்? வேறு வழி தெரியாமல் திரும்பி, தூண் பக்கம் பார்த்தாள்.

மஞ்சுளாவும் பார்த்துவிட்டிருந்தார். ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தார். பிறகு கையை எடுத்தார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்துவந்தார். சித்தி கண்ணால் தடுப்பதைப் பார்த்தும் படியேறினார். மணமேடையைச் சுற்றி, மருமகளின் இடதுபக்கமாக வந்து, குனிந்து, அவள் கைவிளிம்பைத் தன் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பிசாசைப் பற்றி இல்லை, மஞ்சுளா மேடையேறியதைப் பற்றி. பிரபாகர் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார். சண்முகவேல் எழுந்து கைகூப்பினார், சம்பந்தியம்மா வந்தது நல்லதாகப் போயிற்று என்று உரக்கவே சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது.

கெட்டிமேளம் கொட்டியது. வீடியோக்காரர் முன்னால் வந்து, அம்மா கொஞ்சம் பின்னால தள்ளுங்க, பொண்ணு மறையுது என்று கையசைத்தார். சித்தியும் காதில் எதையோ சொன்னார்.

“நான் இங்கதான் நிப்பேன்” என்றார் மஞ்சுளா.

குரல் நடுங்கியது. கை நடுங்கவில்லை. ஸ்ரீதேவி அட்சதையைப் போட மறந்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.